ஓராண்டுக்கென்று வந்தவர்: ஆறு நாள் பயணக் குறிப்பு

முதல் நாள்: படூக்கா

நாஷ்வில்லில் விமானம் இறங்கியபோது பிடித்த மழை, வாடகைக் காரில் வடமேற்கே கென்டக்கி எல்லையைத் தாண்டும்வரை விடவில்லை. வண்டியை ஓட்டியவள் மகள். சார்லட்டில் வேலை பார்க்கிறாள். ஆறு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னுடன் வருகிறாள். "இங்கே வருகிற அம்மாக்கள் எல்லோரும் நயாகரா பார்க்க வேண்டும் என்கிறார்கள். நீ மட்டும் ஏனம்மா ஒரு கோச் பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்கிறாய்?" என்று கிளம்பும்போதே கேட்டாள்.

அந்தக் கோச்சின் பெயர் கிளாரன்ஸ் கெய்ன்ஸ். வட கரோலினா மாநிலத்தில் வின்ஸ்டன்-சேலம் என்ற ஊரில், கறுப்பின மாணவர்களுக்கான ஆசிரியர் கல்லூரியாக இருந்து பிறகு பல்கலைக்கழகமான ஒரு நிறுவனத்தில் 1946 முதல் 1993 வரை கூடைப்பந்துப் பயிற்சியாளர். 47 பருவங்கள், 828 வெற்றிகள், 447 தோல்விகள். கூடவே அங்கே விளையாட்டுத் துறை இயக்குநராகவும் இருந்தார். நம் ஊர்க் கல்லூரிகளில் இந்த இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒரே பெயர்தான்: பி.டி. நெல்லைச் சீமையில் ஒரு மகளிர் கல்லூரியில் 33 ஆண்டுகள் நான் அந்த வேலை பார்த்தேன். போன ஆண்டு ஓய்வு பெற்றேன். பழைய மாணவி ஒருத்தி கெய்ன்ஸைப் பற்றி எழுதி அனுப்பிய நாளிலிருந்து, அவர் நடந்த இடங்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

படூக்காவில் ஓஹையோ ஆறும் டென்னஸி ஆறும் கலக்கின்றன. ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே உயரமான சுவர் ஒன்று நீளமாக ஓடுகிறது. 1937 ஜனவரியில் வந்த பெருவெள்ளம் இந்த ஊரையே காலி செய்ய வைத்தது. அதன் பிறகு எழுந்த சுவர் அது. ஊரின் வரலாற்றை அதன்மேல் வரிசையாக ஓவியங்களாகத் தீட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வந்தபோது கெய்ன்ஸுக்கு 13 வயது. 1923 மே 21 அன்று இந்த ஊரில் பிறந்தவர். கறுப்பினப் பிள்ளைகளுக்கான லிங்கன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். கால்பந்து ஆடினார். நம் கால்பந்து இல்லை, உடலோடு உடல் மோதும் அமெரிக்கக் கால்பந்து. பள்ளி இசைக்குழுவில் டிரம்பெட் வாசித்தார். 1941இல் வகுப்பில் இரண்டாமிடம் பெற்று வெளியே வந்தார்.

அப்படிப்பட்ட பையன் சொந்த மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகத்துக்குள் கால் வைக்க முடியாது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே பள்ளியில் படிக்கக்கூடாது என்று கென்டக்கி 1904இலேயே சட்டம் போட்டிருந்தது. அதே கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் 1930 முதல் 1972 வரை கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர் அடால்ஃப் ரப். அவருடைய வெற்றிகள் 876. கெய்ன்ஸ் 1993இல் ஓய்வு பெற்றபோது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அவரைவிட அதிக வெற்றி பெற்றிருந்தவர் ரப் ஒருவர்தான். படிக்க இடம் தராத மாநிலத்தில் பிறந்தவர், அந்த மாநிலத்தின் பெருமைக்குரியவருக்கு அடுத்த வரியில் போய் நின்றார். ஆற்றங்கரைச் சுவருக்குக் கீழே நின்று மகளிடம் இதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவள் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

மாலையில் ஹோட்டல் மெட்ரோபாலிட்டன் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்தோம். வேறு விடுதிகள் கதவடைத்த காலத்தில் கறுப்பினப் பயணிகளுக்கென்று ஒரு கறுப்பினப் பெண் நடத்திய இடம். லூயி ஆம்ஸ்ட்ராங் போன்ற இசைக் கலைஞர்கள் தங்கியது. பெரிய மாளிகை ஒன்றும் இல்லை, நம் ஊரில் இரண்டு தெருவுக்கு ஒன்றாக இருக்கும் பழைய வீடுகள் அளவுதான். இப்போது அருங்காட்சியகம்.

இரண்டாம் நாள்: எவன்ஸ்வில்

வாழ்க்கையை வரிசையாகப் பார்ப்பதென்றால் இன்று பால்டிமோருக்குப் போயிருக்க வேண்டும். படூக்காவிலிருந்து அவர் படிக்கப் போனது அங்கேதான், மார்கன் கல்லூரிக்கு. ஆனால் அவருடைய உச்சம் அரங்கேறிய எவன்ஸ்வில் இங்கிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. உச்சத்தை முதலில் பார்த்துவிட்டோம்.

பார்த்தோம் என்று சொல்வதும் சரியில்லை. பார்க்க எதுவும் மிச்சமில்லை. ராபர்ட்ஸ் அரங்கத்தை 2013இல் இடித்துவிட்டார்கள். புல்வெளியும் மரங்களும் நடைபாதையும் இருக்கின்றன. ஒருவர் நாயை அவிழ்த்து ஓடவிட்டுக்கொண்டிருந்தார். நடுக்கோடு எங்கே இருந்திருக்கும் என்று நான் தோராயமாக அளந்து நடந்தேன். 28 மீட்டர் நீளத்தை எங்கே விட்டாலும் என் கால் தப்பாமல் எண்ணிவிடும்.

1967 மார்ச் 17. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. நடத்திய, சிறிய கல்லூரிகளுக்கான பிரிவின் இறுதி ஆட்டம். வின்ஸ்டன்-சேலம் 77, தென்மேற்கு மிசூரி 74. என்.சி.ஏ.ஏ. கூடைப்பந்துப் பட்டத்தை ஒரு கறுப்பினக் கல்லூரி வென்றது அதுதான் முதல் தடவை. டென்னஸி ஏ அண்ட் ஐ என்ற இன்னொரு கறுப்பினக் கல்லூரி 1957 முதல் 1959 வரை தொடர்ந்து மூன்று முறை தேசியப் பட்டம் வென்றது உண்மை, ஆனால் அது வேறொரு சங்கத்தின் போட்டி. அந்தப் பெருமையையும் மறக்கக்கூடாது. அந்த அணியின் பயிற்சியாளரைப் பற்றி ஆறாம் நாள் எழுதுகிறேன்.

கெய்ன்ஸின் அணி அந்தப் பருவத்தில் 31 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. இறுதி ஆட்டத்தில் எர்ல் மன்ரோ மட்டும் 40 புள்ளிகள் எடுத்தார். ஃபிலடெல்பியாவிலிருந்து வந்த பையன். அந்தப் பருவம் முழுவதும் அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 41.5. பத்திரிகைக்காரர் ஒருவர் அவருடைய புள்ளிகளை முத்துகள் என்று எழுதப்போய், 'முத்து' என்பதே அவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. பிறகு அவர் தொழில்முறை ஆட்டத்தில் பெரும்புகழ் பெற்றது எல்லோருக்கும் தெரிந்த கதை.

எனக்கு 41.5ஐ விட முக்கியமாகப் படுவது 7.1. முதலாண்டில் மன்ரோவின் சராசரி அவ்வளவுதான். இரண்டாம் ஆண்டு 23.2, மூன்றாம் ஆண்டு 29.8, அதன் பிறகே 41.5. இவ்வளவு திறமையுள்ள ஒருவனை முதலாண்டில் பெஞ்சில் உட்கார வைக்கும் துணிச்சல் ஒரு பயிற்சியாளருக்கு வேண்டும். அவனை ஊருக்குத் திரும்பவிடாமல் பிடித்துவைக்கும் பொறுமையும் வேண்டும். கடைசியில், நான்காம் ஆண்டில், "இனி பந்து உன்னுடையது" என்று கையை விட்டுவிடவும் தெரிய வேண்டும். மூன்றும் மூன்று வேறு வேறு குணங்கள். என்னிடம் முதல் இரண்டு இருந்தன. மூன்றாவது இல்லை. என் அணியில் ஒருத்தி அடிக்கடி தானே கூடைக்குப் பந்தெறிந்தால் உடனே உள்ளே கூப்பிட்டுவிடுவேன். அந்தப் புல்வெளியில் உட்கார்ந்து, அப்படிக் கூப்பிடப்பட்ட இரண்டு மூன்று முகங்களை நினைத்துக்கொண்டேன். அவர்களில் ஒருத்தியை நான் இன்னும் கொஞ்சம் நேரம் ஆடவிட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள்: வழியில்

எவன்ஸ்வில்லிலிருந்து நாஷ்வில், அங்கிருந்து விமானத்தில் சார்லட். வீட்டில் துணி மாற்றிக்கொண்டு, ரசம் வைத்துச் சாப்பிட்டோம். எழுத வேறொன்றும் இல்லை.

நான்காம் நாள்: வின்ஸ்டன்-சேலம்

காலையில் மகளின் காரைப் பார்த்தால் மஞ்சள் தூள் கொட்டியதுபோல இருந்தது. பைன் மரத்தின் மகரந்தம். ஏப்ரலில் கரோலினா முழுக்க இப்படித்தான் என்றாள். துடைத்த ஒரு மணி நேரத்தில் மறுபடி படிந்துவிடுகிறது. வழியெல்லாம் டாக்வுட் மரங்கள் இலையே தெரியாமல் வெள்ளையாகப் பூத்திருந்தன.

வின்ஸ்டன், சேலம் இரண்டும் சிகரெட் பெயர்கள் என்றுதான் நமக்குத் தெரியும். உண்மையில் இரண்டும் ஊர்ப் பெயர்கள். சேலம் மொரேவியக் கிறிஸ்தவர்கள் 1766இல் அமைத்த குடியிருப்பு. அதையொட்டி வளர்ந்த வின்ஸ்டனில் ரெனால்ட்ஸ் புகையிலை ஆலைகள் வந்தன. பிறகு இரண்டும் ஒரே ஊராயின. நகரின் நடுவே 1929இல் கட்டிய ரெனால்ட்ஸ் கட்டடம் படிப்படியாக ஒடுங்கி உயர்கிறது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை வரைந்தவர்கள் அதற்கு முன்பே இதை வரைந்தார்கள். பழைய ஆலைகளில் இப்போது ஆய்வுக்கூடங்களும் சாப்பாட்டுக் கடைகளும். முன்பு அவற்றுக்குள் ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்கள் புகையிலைக் காம்பு கிள்ளினார்கள். 1943இல் அவர்கள் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து, தொழிற்சங்கம் கட்டினார்கள்.

அப்படிப்பட்ட ஊருக்கு 1945இல் கெய்ன்ஸ் வந்து இறங்கினார். 22 வயது. ஆறடிக்கு மேல் உயரம், 120 கிலோவை ஒட்டிய எடை. மார்கன் கல்லூரியில் கால் வைத்த நாளிலேயே, வீட்டைத் தவிர இவ்வளவு பெரிதாக எதையும் பார்த்ததில்லை என்று ஒருவர் சொல்லப்போய் 'பிக் ஹவுஸ்' என்ற பெயர் வாழ்நாளுக்கும் நிலைத்துவிட்டது. கையில் வேதியியல் பட்டம். பல் மருத்துவம் படிப்பதுதான் திட்டம். இடையில் கொஞ்ச காலம் வின்ஸ்டன்-சேலத்தில் உதவிப் பயிற்சியாளராக இரு என்று அவருடைய கோச் எட்வர்ட் ஹர்ட் அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டே தலைமைப் பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போய்விட, 23 வயதில் எல்லாப் பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது. பல் மருத்துவர் ஆகவேயில்லை.

தற்காலிகம் என்று சேர்ந்த வேலையில் ஆயுளைக் கழித்தவர்கள் நம் கல்லூரிகளிலும் எத்தனை பேர். நானும் விடுப்புக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கென்றுதான் போனேன்.

பிற்பகலில் ஜோயல் அரங்கம். வியட்நாம் போரில் நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் பெற்ற, இந்த ஊர்க் கறுப்பினச் சிப்பாய் லாரன்ஸ் ஜோயலின் பெயரால் 1989இல் திறந்தது. இதற்கு முன்பு இந்த ஊருக்கு இருந்தது மெமோரியல் கொலிசியம். கல்லூரியின் சிறிய உள்ளரங்கில் கூட்டம் கொள்ளாமல் போனதால், மன்ரோவின் ஆட்டங்களை அங்கே மாற்றினார்கள். வெள்ளையர்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து கறுப்பினத்தவரோடு அருகருகே உட்கார்ந்து பார்த்தார்கள். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 1960 பிப்ரவரியில், இதே ஊரில் உணவு மேசையில் சேர்ந்து உட்கார்ந்ததற்காக இந்தக் கல்லூரி மாணவர்களும் வேக் ஃபாரஸ்ட் கல்லூரியின் வெள்ளை மாணவர்களும் கைது செய்யப்பட்டார்கள். ஆட்டம் மட்டுமே ஊரை மாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். கைதானவர்கள் மாற்றினார்கள். அவர்கள் திறந்த கதவின் வழியே ஆட்டமும் நுழைந்தது.

வேக் ஃபாரஸ்ட் 1956இல்தான் இந்த ஊருக்கு இடம் மாறி வந்தது. அங்கே ஆட்டக்காரராக இருந்து பிறகு உதவிப் பயிற்சியாளரான பில்லி பேக்கர், கெய்ன்ஸின் அணியில் கிளியோ ஹில் என்ற இளைஞர் ஆடுவதைப் பார்க்க நகரின் மறுபக்கம் போனார். அதில் தொடங்கியது நட்பு. பிறகு இரண்டு அணிகளும் எந்த அறிவிப்பும் இல்லாமல், புள்ளிப் பட்டியலில் சேராத பயிற்சி ஆட்டங்கள் ஆடின. பத்திரிகையில் வராத அந்த ஆட்டங்களைப் பார்க்க எனக்கு மிகவும் ஆசை. இரண்டு பயிற்சியாளர்கள் ஒரே சுவரில் சாய்ந்து நின்று ஒருவர் பையனை மற்றவர் திருத்தும் காட்சியை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். என் வேலையில் எனக்குக் கிடைத்த நல்ல மாலைகள் எல்லாம் அப்படிப்பட்டவையே.

ஐந்தாம் நாள்: கல்லூரி

இன்று முழுநாளும் கல்லூரி வளாகத்தில். சைமன் கிரீன் அட்கின்ஸ் என்பவர் 1892இல் தொடங்கிய தொழிற்பள்ளி, 1925இல் ஆசிரியர் கல்லூரி, 1969இல் பல்கலைக்கழகம். செங்கல் கட்டடங்கள், சரிவான புல்வெளி, எங்கு பார்த்தாலும் சிவப்பும் வெள்ளையுமான கொடிகள். உள்ளரங்கத்துக்கு சி.இ. கெய்ன்ஸ் மையம் என்று பெயர்.

1946இல் இங்கே அவர் செய்த வேலைகளைப் பட்டியல் போட்டால் நம் ஊர் பி.டி.க்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் தலைமைப் பயிற்சியாளர். விளையாட்டுத் துறை இயக்குநர். அடிபட்டவனுக்குக் கட்டுப் போடுபவர். டிக்கெட் விற்பனைக்குப் பொறுப்பாளர். கூடவே வகுப்பும் எடுத்தார். 1948இல் கால்பந்து அணியை எட்டு வெற்றி, ஒரு தோல்வி என்ற நிலைக்குக் கொண்டுவந்தார். 1949க்குப் பிறகு பயிற்சியில் கூடைப்பந்தை மட்டும் வைத்துக்கொண்டார். இயக்குநர் நாற்காலியை விடவில்லை.

பயிற்சியாளரை எல்லோரும் பார்க்கிறார்கள். இயக்குநரை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அணி இருப்பதே இயக்குநரால். பஸ்ஸுக்குப் பணம் எங்கிருந்து வரும், எதிரணிக்குச் சாப்பாடு யார் போடுவது, வலை கிழிந்தால் எந்தத் தலைப்பில் கணக்கு எழுதுவது, தேர்வு நாளும் ஆட்ட நாளும் மோதினால் எந்தப் பேராசிரியரின் அறை வாசலில் போய் நிற்பது, எல்லாம் இவர் பாடு. பெண்களுக்கு இனி ஆறாம் எண் பந்து என்று விதி மாறியபோது, ஏற்கனவே ஏழாம் எண் பந்துகள் இருப்பில் இருக்கும்போது புதியவை எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். மூன்று கடிதம் எழுதினேன். இரண்டு பந்துகளையும் கொண்டுபோய் மேசையில் வைத்து, கையை விரித்துக் காட்டினேன். அந்த ஆண்டு மண்டலப் போட்டிக்கு முந்தின வாரம்தான் பந்துகள் வந்தன. 828 என்ற எண்ணுக்குப் பின்னால் இப்படி எத்தனை கடிதம் இருந்திருக்கும் என்று எனக்குக் கணக்குப் போடத் தோன்றுகிறது.

அவருக்கு இன்னொரு பாரமும் இருந்தது. எனக்கு அது இல்லை. தெற்கு மாநிலங்களில் ஒரு கறுப்பின அணி பஸ்ஸில் போவதென்றால், எந்த ஊரில் சாப்பாடு கிடைக்கும், எங்கே கழிப்பறைக்குப் போகலாம், எங்கே இருட்டிய பிறகு வண்டியை நிறுத்தக்கூடாது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எதிரணிக் கல்லூரியின் விடுதியிலேயே படுக்க வேண்டும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். நாங்களும் புளியோதரைப் பொட்டலத்தோடு இரண்டாம் வகுப்புப் பெட்டியில் போனவர்கள். ஆனால் நாங்கள் பணம் இல்லாமல் கட்டிக்கொண்டு போனோம். அவர்கள் பணம் இருந்தும் கட்டிக்கொண்டு போனார்கள்.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. தொண்ணூறுகளில் ஒரு போட்டிக்குப் போகும் வழியில், சின்ன ஊரொன்றின் டீக்கடையில் பஸ்ஸை நிறுத்தினோம். எங்கள் அணியில் ஒருத்திக்கு அந்தப் பக்கத்து ஊர்தான் சொந்த ஊர். கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார், பேரைக் கேட்டார், எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில் கொடுத்துவிட்டு அவளுக்கு மட்டும் தனியாகக் கொக்கியில் தொங்கிய குவளையை எடுத்தார். பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு பஸ்ஸில் போய் ஏறிக்கொண்டார்கள். நான் சொல்லி அல்ல. நான் அப்போது பேச்சு வராமல் நின்றுகொண்டிருந்தேன். கெய்ன்ஸைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கொக்கி நினைவுக்கு வருகிறது.

கிளியோ ஹில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியூவார்க் பையன், மன்ரோவுக்கு முன்பே இங்கே ரசிகர்களை எழுந்து நிற்க வைத்தவர். 1961இல் செயின்ட் லூயி ஹாக்ஸ் என்ற தொழில்முறை அணி, புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றிலேயே அவரை எடுத்தது. அங்கே ஒரே பருவத்தோடு அவருடைய தொழில்முறை வாழ்க்கை முடிந்துபோனது. அவரை ஆடவைக்க நின்ற பயிற்சியாளரும் அந்தப் பருவத்தின் நடுவிலேயே வேலை இழந்தார். ஹில் ஊருக்குத் திரும்பி, எஸ்ஸெக்ஸ் கவுன்டி கல்லூரியில் நீண்ட காலம் பயிற்சியாளராக இருந்து நூற்றுக்கணக்கான ஆட்டங்களை வென்றார். கெய்ன்ஸிடம் அவர் கற்றுக்கொண்டதில் ஆட்டம் பாதி, இது மீதி என்று நினைக்கிறேன்.

கடைசி ஆண்டுகள் கெய்ன்ஸுக்கு எளிதாக இல்லை. தோல்விகள் கூடின, உடல் ஒத்துழைக்கவில்லை. அவருடைய அணியிலேயே இருந்த ஒரு மாணவர், கோச் உடல்நலம் கருதி ஓய்வு பெற வேண்டும் என்று கல்லூரி இதழில் எழுதினார். அந்த மாணவர் இன்று அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு விமர்சகர் ஸ்டீபன் ஏ. ஸ்மித். இன்றும் அவர் கெய்ன்ஸைத் தகப்பன் ஸ்தானத்தில் வைத்தே பேசுகிறார். போக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று நேரே சொல்லும் பிள்ளைகளை வளர்த்துவிட்டுப் போவது பெரிய காரியம். 58 வயதில் என் முழங்கால் போனபோது என்னிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. மரியாதை என்று நினைத்தார்கள்.

2005 ஏப்ரல் 18 அன்று இதே ஊரில் அவர் காலமானார். மனைவி கிளாரா லத்தீன் மொழி ஆசிரியை. 1950இல் திருமணம், ஒரு மகள், ஒரு மகன். மகன் பின்னாளில் சிகாகோ புல்ஸ் அணிக்கு ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்க்கும் பணியில் இருந்தார்.

புல்வெளிப் படிக்கட்டில் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மகள் திடீரென்று கேட்டாள்: "நான் எங்கே வீட்டுப்பாடம் எழுதினேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா, அம்மா?"

"விளையாட்டு அறையில்."

"உயரம் தாண்டும் மெத்தைகளை அடுக்கி வைத்திருப்பாயே, அதன்மேல். ஆறு மணிக்கு மேல் அந்த அறையில் பல்லி கத்தும். எனக்குப் பயமாக இருக்கும். நீ விசில் ஊதுகிற சத்தம் கேட்டால் பயம் போய்விடும். அதனால் நீ எப்போது விசில் ஊதுவாய் என்று காத்துக்கொண்டே எழுதுவேன்."

இதை அவள் இதுவரை சொன்னதில்லை. கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். மாணவர்கள் வகுப்பு முடிந்து எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆறாம் நாள்: டர்ஹாம்

கிழக்கே ஒன்றரை மணி நேரம். வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகத்தில் மெக்லெண்டன் பெயர் தாங்கிய உள்ளரங்கம் இருக்கிறது. இரண்டாம் நாள் சொன்ன டென்னஸி அணியின் பயிற்சியாளர் ஜான் மெக்லெண்டன் இவர்தான். அதற்கு முன்பு 1952 வரை இந்தக் கல்லூரியில் இருந்தார். கால்பந்திலிருந்து வந்த இளைஞரான கெய்ன்ஸுக்குக் கூடைப்பந்தின் நுட்பம் புரிய வழிகாட்டியவர்களில் முக்கியமானவர். எதிரணிக்காரருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மனம் அது.

மெக்லெண்டன் படித்தது கான்சஸ் பல்கலைக்கழகத்தில். கறுப்பினத்தவர் என்பதால் அங்கே அணியில் ஆட முடியவில்லை. ஆனால் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டு பயிற்சிப் பள்ளியில் கூடைப்பந்தையே கண்டுபிடித்தவர். பந்து கைக்கு வந்த நொடியில் எதிர்ப்பக்கம் பாயும் வேக ஆட்டத்தை மெக்லெண்டன் இந்த ஊரில் வளர்த்தார்.

1944 மார்ச் 12, ஞாயிறு காலை. ஊரே தேவாலயத்தில் இருந்த நேரம். டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களின் வெள்ளை அணி கார்களில் ஒளிந்து வந்து இந்தக் கல்லூரிக்குள் நுழைந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு ஆடினார்கள். மெக்லெண்டன் அணி 88, டியூக் 44. பிறகு ஆட்டக்காரர்களைக் கலந்து இன்னொரு ஆட்டமும் ஆடினார்கள். பல பத்தாண்டுகள் இது வெளியே தெரியாது. டியூக் தன் இளங்கலை வகுப்புகளில் கறுப்பின மாணவர்களைச் சேர்த்தது 1963இல்தான். வேக் ஃபாரஸ்டோடு கெய்ன்ஸ் அணி ஆடிய அறிவிக்கப்படாத ஆட்டங்களுக்கு இது அண்ணன்.

அரங்கத்தின் வெளியே நிற்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் படித்தது சென்னை நந்தனத்தில், ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில். அதை 1920இல் தொடங்கிய ஹாரி குரோ பக் படித்ததும் அதே ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளிதான். நெய்ஸ்மித் வழியாக ஒரு கிளை கான்சஸ் போய், மெக்லெண்டனிடம் வந்து, கெய்ன்ஸின் கையில் சேர்ந்திருக்கிறது. பக் வழியாக இன்னொரு கிளை கடல் தாண்டி நந்தனத்துக்கு வந்து, எங்கள் ஊர்ச் சிமெண்ட் தளத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட என் கையில் சேர்ந்திருக்கிறது. இத்தனை நாள் வேறு யாரோ ஒருவருடைய ஊரைப் பார்க்க வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். மகளிடம் சொன்னேன். "அப்படியென்றால் தூரத்துச் சொந்தம்தானே, அம்மா" என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் அவள்தான் பேசினாள். அவள் குடியிருப்பில் வளையம் மாட்டிய சிறிய ஆடுகளம் ஒன்று இருக்கிறது, மாலையில் இந்தியப் பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளும் வருகிறார்கள், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்றாள். எனக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு நின்றபடியே சொல்லிக்கொடுக்கலாம். சனிக்கிழமை ஐந்து மணி என்று முடிவு செய்தோம்.

சார்லட்டை நெருங்கும்போது விளையாட்டுச் சாமான் கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள். கண்ணாடி முழுக்க மஞ்சள் மகரந்தம். துடைப்பானைப் போட்டுவிட்டு இறங்கிப் போனவள், பத்து நிமிடத்தில் பந்தோடு திரும்பி வந்தாள். வாங்கி விரலை விரித்துப் பார்த்தேன்.

"ஆறாம் எண்தான்" என்றாள். "வருகிறவர்களில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள், அம்மா."